எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பெரியப்பா?

என் பெரியப்பாவுக்கு அப்போது 74 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காபி குடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புவார். ஆனால் ஏறி ஓட்ட மாட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வருவார். "ஏறித்தான் போங்களேன் பெரியப்பா" என்றால், "கண்ணு சரியில்லப்பா, லாரிய பாத்தா பயமா இருக்கு. ஆனா இது கையில இல்லேன்னா நடக்கவும் முடியல. தெருமுனை தாண்டறதுக்குள்ள ரெண்டு காலும் கடுத்துப் போயிடுது" என்பார். சைக்கிள் பஞ்சராகிக் கிடந்த நாட்களில் வழியில் மளிகைக்கடைப் படியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தால் போதும், எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார். நாங்கள் அதை வயசு என்று சொல்லிக்கொண்டோம். ஒரு வருஷம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தோம்.

கோளாறு முழங்காலில் இல்லை, இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் இருந்தது. கையில் பிடித்திருந்த சைக்கிளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் புரியவில்லை.

முதுகெலும்பின் நடுவே ஒரு குழாய் போன்ற பாதை ஓடுகிறது. அதற்குள் வரும் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாக இறங்குகின்றன. வயதாக ஆக, எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் வற்றிப் பிதுங்குகிறது, பின்புறத்துச் சிறு மூட்டுகள் தேய்ந்து பெருக்கின்றன, அவற்றை இணைக்கும் நார் தடிக்கிறது. மூன்றும் சேர்ந்து பாதையை நெருக்குகின்றன. நிமிர்ந்து நின்றால் நெருக்கம் கூடும், குனிந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். சைக்கிளைத் தள்ளும்போது உடம்பு தானாகக் குனிகிறது, அதனால்தான் கால் வலிப்பதில்லை. மேலைநாடுகளில் இதே காரணத்தால் முதியவர்கள் கடைகளில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரமமின்றி நடப்பார்கள். உட்ரெக்ட் நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-ல் இதைத் தனி நோயாக விளக்கி எழுதினார். தண்டுவடப் பாதைச் சுருக்கம் என்று தமிழில் சொல்லலாம். மருத்துவமனையில் 'கெனால் ஸ்டெனோசிஸ்' என்பார்கள், வீட்டில் 'நரம்பு அழுத்துது' என்போம். முதியவர்களுக்கு நடக்கும் முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளில் பெரும்பகுதி இதற்காகத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

இந்த வயதில் முதுகில் கத்தி வைப்பதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் உண்டு. "முதுகுல கை வெச்சா படுத்த படுக்கைதான்" என்பது ஒன்று. "ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் பேச்சை நம்பியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாசல்படியைத் தாண்டாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் அறுவைக்குப் பிறகு கால்வலி போனதைக்கூடக் கவனிக்காமல், மீதமிருக்கும் முதுகுவலியை நினைத்தே உடைந்துபோகிறார்கள். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லாததுதான் இரண்டுக்கும் காரணம்.

முதலில் ஸ்கேன் பற்றி. எம்.ஆர்.ஐ. உறையைக் கையில் வாங்கியதும் அதிலுள்ள ஆங்கில வரிகளைப் படித்துப் பயப்படாத குடும்பம் குறைவு. ஸ்காட் போடன் என்ற எலும்பு மருத்துவரின் குழு 1990-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. முதுகுவலியோ கால்வலியோ இல்லாத 67 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் படங்களில் கோளாறு தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்குப் பாதைச் சுருக்கமே இருந்தது. வலியில்லாதவர்களின் கதை இது. ஆகவே நரைத்த தலையைப் போல, தேய்ந்த முதுகெலும்பும் படத்தில் வரத்தான் செய்யும். படத்தில் தெரியும் நெருக்கமும், கால் கடுக்கும் இடமும், நடந்தால் வந்து குனிந்தால் போகும் தன்மையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே வேண்டும்.

நம் ஊரில் இப்படிப் பொருத்திப் பார்ப்பதற்குக் கூடுதல் அவசியம் இருக்கிறது. பல ஆண்டு சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்த எரிச்சலை முதுகு அறுவை தீர்க்காது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் நடக்கும்போது கெண்டைக்கால் கடுக்கும். ஆனால் அவர்களுக்கு நின்றாலே வலி தணிந்துவிடும், குனியவோ உட்காரவோ தேவையில்லை. பாதத்தில் நாடி பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல், ஸ்கேனை மட்டும் பார்த்து நாள் குறித்தால் இன்னொரு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? அடிப்படையில், நரம்பை நெருக்கும் எலும்பையும் தடித்த நாரையும் செதுக்கி எடுத்து இடம் உண்டாக்குகிறார்கள். எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி நிலையில்லாமல் இருந்தால், ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்பை எலும்போடு ஒட்ட வைக்கிறார்கள். 'பிளேட்டு வெச்சிருக்கு' என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது வகையை. முதல் வகையைவிட இது பெரிய அறுவை. செலவு கூடும், ரத்த இழப்பு கூடும், தேறி வரவும் நாளாகும். எல்லோருக்கும் இது வேண்டுமா? ஸ்வீடனில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 247 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. இடம் உண்டாக்கியதோடு நிறுத்தியவர்களுக்கும், எலும்பையும் சேர்த்து ஒட்டியவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்கள் மட்டும் சராசரியாக 4-லிருந்து 7-க்குக் கூடியிருந்தன. எலும்பு சறுக்கியிருந்த 267 பேரிடம் நார்வேயில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வும் சிறிய அறுவை பெரிதற்குச் சளைத்ததில்லை என்றுதான் சொன்னது. ஸ்க்ரூ தேவைப்படுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். எலும்பு அசைந்து ஆடுகிறவர்களும் முதுகு வளைந்துபோனவர்களும் அப்படிப்பட்டவர்கள். 'எனக்கு ஏன் வேண்டும்' என்று கேட்டால் மருத்துவர் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதோடு 'என் எலும்பு ஸ்க்ரூவைத் தாங்குமா' என்றும் கேளுங்கள். மாதவிடாய் நின்று பல ஆண்டான பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்காமல் ஸ்க்ரூ போட்டால் அது தளர்ந்துபோகும் ஆபத்து உண்டு.

அறுவையே வேண்டாம் என்று பயிற்சியால் சமாளிக்க முடியாதா? பலருக்கு முடியும். அமெரிக்காவில் 169 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், உடனே அறுவைக்குப் போனவர்களும் முறையான பிசியோதெரபியில் தொடங்கியவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் பயிற்சிக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே அறுவைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயிற்சியில் தொடங்குவதால் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. பயிற்சியால் முடியாமல் அறுவைக்குப் போவதும் தோல்வி இல்லை. வயதும் தன்னளவில் தடையில்லை. 80-ஐத் தாண்டியும் நன்றாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள். இதயம், சிறுநீரகம், சர்க்கரையின் அளவு, அறுவைக்கு முன் எவ்வளவு நடமாடினார், எவ்வளவு சாப்பிட்டார், மனசு எப்படி இருந்தது என்பவை பிறந்த வருஷத்தைவிட அதிகம் சொல்லும். மனச்சோர்வோடு அறுவை மேஜைக்குப் போகிறவர்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள். அதை முன்பே கவனித்துச் சிகிச்சை தர வழியிருக்கிறது.

இனி, என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். நடந்தால் வரும் கால்கடுப்புதான் இந்த அறுவையில் நன்றாகக் குறைவது. சிலருக்கு மயக்கம் தெளிந்து எழும்போதே கால் லேசாகிவிடும். முதுகுவலி அந்த அளவுக்குக் குறையாது, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒன்றுமில்லை. மரத்துப்போன பாதம் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், பல ஆண்டாக மரத்திருந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தூக்க முடியாமல் தொங்கும் பாதமும் அப்படித்தான். நரம்பு எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது அது. 'வலி போகுமா' என்று மொத்தமாகக் கேட்காமல், 'இந்த வலி போகுமா, அந்த மரப்பு போகுமா' என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். பதிலும் தெளிவாக வரும்.

பெரியப்பாவின் அறுவை நன்றாகவே முடிந்தது. எலும்பு ஒட்டவில்லை, நெருக்கத்தை மட்டும் எடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவுதான் எங்களை உலுக்கியது. நள்ளிரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "சாவி எங்கடா? கேஷ் டேலி ஆகல, ஆடிட்டர் வாசல்ல நிக்கறான்" என்று கையிலிருந்த ட்ரிப் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சங்கத்துச் செயலாளரின் பெயரைச் சொல்லி அழைத்தார். அங்கிருந்தவர்கள் "வயசானவங்கன்னா இப்படித்தான் சார்" என்று கையைக் கட்டிவிட்டுப் போனார்கள். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணி அழுதாள்.

அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அபூர்வமானது இல்லை. ஆனால் 'இப்படித்தான்' என்று விட்டுவிடவும் கூடாது. வலி, தூக்கமின்மை, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, கிருமித்தொற்று, சில தூக்க மாத்திரைகள் என்று அதன் பின்னால் திருத்தக்கூடிய காரணம் இருக்கும். அதைத் தேடச் சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும். கையைக் கட்டினால் பயமும் ஆவேசமும் கூடத்தான் செய்யும். எங்கள் பங்குக்கும் ஒரு தப்பு செய்திருந்தோம். தொலைந்துவிடப் போகிறது என்று அவருடைய கண்ணாடியையும் காது மிஷினையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தோம். சரியாகக் காணாமல், சரியாகக் கேளாமல், பகலா இரவா தெரியாத ஒரு அறையில் அவரை விட்டிருந்தோம். மறுநாள் காலை கண்ணாடியை மாட்டி, காது மிஷினைப் பொருத்தி, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேப்பரைக் கையில் கொடுத்தோம். அன்றைக்கு என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே இருந்தோம். சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் பழைய பெரியப்பா திரும்பி வந்தார். மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் முதலில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பாசம் அதிகமுள்ள வீடுகளில்தான் இங்கே பெரிய தவறு நடக்கிறது. "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அசையாம படுங்கப்பா" என்று தண்ணீர் டம்ளரைக்கூட வாயருகே கொண்டுபோவார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் அமெரிக்காவில் வெளியானது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. நோயில்லாதவர்களுக்கே அப்படியென்றால் அறுவை முடிந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நிற்க வைத்து நடக்க வைப்பார்கள். வீட்டிலும் அதைத் தொடர வேண்டும். ஒரே மூச்சில் நீண்ட தூரம் வேண்டாம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சின்னச் சின்னதாக நடந்தால் போதும். பெரியப்பா கூடத்திலிருந்து கொல்லைக்கதவு வரை எண்ணி எண்ணி நடப்பார். முதல் வாரம் வாக்கர், பிறகு கைத்தடி. "இன்னிக்கு பதினெட்டு ட்ரிப்" என்று காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார். காசாளர் கை, கணக்கு தப்பாது.

படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிரக் கூடாது. தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனிந்து தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, குடம் சுமப்பது ஆகிய மூன்றும் மருத்துவர் சொல்லும் காலம் வரை கூடாது. பெண்களிடம் இதைச் சொல்வது எளிது, நடப்பதுதான் கடினம். அறுவை முடிந்த மூன்றாவது வாரம் குக்கரைத் தூக்குகிற, குனிந்து வாசல் பெருக்குகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். 'நான் பார்த்துக்கிறேன் நீங்க போங்க' என்று யாரும் சொல்லாத வீட்டில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? முதல் மூன்று மாதம் அடுப்படியும் வாசலும் யார் பொறுப்பு என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

நம் வாழ்க்கை தரையோடு ஒட்டியது. சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம், பாயில் படுக்கிறோம், குத்துக்காலிட்டுக் கழிப்பறையில் உட்காருகிறோம். அறுவைக்குப் பின் குறைந்தது சில மாதங்களுக்கு இவையெல்லாம் கடினம், பலருக்கு ஆயுள் முழுவதும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கமோடோ, கமோடு நாற்காலியோ, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ, குளியலறையில் வழுக்காத தரையோ எதுவாக இருந்தாலும் அறுவைக்கு முன்பே செய்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த வாரத்தில் குளியலறையில் விழுந்தால் எல்லாம் பாழாகிவிடும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், முக்கினால் முதுகு வலிக்கும். தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் மருந்து என்று முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், அது வயதானவர்களின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இடுப்பு பெல்ட்டையும் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் போகாமல் அடைப்பது அல்லது அறியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, கால் திடீரெனப் பலமிழப்பது, காய்ச்சலோடு புண்ணிலிருந்து நீர் கசிவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறுவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே கிளம்புங்கள்.

பிசியோதெரபிக்கு வாரம் இருமுறை ஆட்டோ வைத்துப் போக முடியாமல் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. இது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கான திட்டம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். அரசின் பக்கம் ஒன்று கேட்க வேண்டும். காப்பீடு அறுவையோடு முடிந்துவிடக் கூடாது, அதன் பின்னான மூன்று மாதப் பயிற்சியையும் அறுவையின் ஒரு பாகமாகவே கருத வேண்டும்.

தேறியதை எப்படி அளப்பது? இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூரின் பெயரால் 1980-லிருந்து ஒரு கேள்வித்தாள் உலகமெங்கும் புழங்குகிறது. வலி, சொந்த வேலைகளைச் செய்துகொள்வது, எடை தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூங்குவது, தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுவது, பயணம் என்று பத்துப் பகுதிகள். தமிழிலும் அது இருக்கிறது. நல்ல அளவுகோல்தான். ஆனால் சம்மணம் போட முடிகிறதா, கோயில் பிரகாரம் சுற்ற முடிகிறதா, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க முடிகிறதா என்று அது கேட்பதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு தாள் எழுதிக்கொள்வது நல்லது.

அறுவைக்கு முந்தைய வாரம் அண்ணன் கேட்டான்: "எவ்வளவு தூரம் நடக்கணும் பெரியப்பா உங்களுக்கு?" அவர் யோசித்துச் சொன்னது மூன்று. சைக்கிள் இல்லாமல் கடைத்தெரு வரை போய்வர வேண்டும். சாயரட்சை தீபாராதனை முடியும் வரை தூணில் சாயாமல் நிற்க வேண்டும். கல்யாணப் பந்தியில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனோம். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, முதல் இரண்டும் நடக்க வாய்ப்பு அதிகம், மூன்றாவதை விட்டுவிடுங்கள் என்றார். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "ரெண்டு போதும்" என்று கையெழுத்துப் போட்டார். நான்கு மாதத்தில் இரண்டும் நடந்தன. முதுகில் காலை நேரத்து இறுக்கம் இன்னமும் இருக்கிறது, இடது பாதத்தின் விரல்கள் இன்னமும் மரத்துத்தான் இருக்கின்றன. முன்பே தெரிந்திருந்ததால் அவர் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் உறைக்குள் அப்படி ஒரு தாளையும் வைத்துக்கொண்டு போங்கள். அதில் என்ன எழுதுவது என்று உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கேளுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்களே எழுதிவிடாதீர்கள்.